மஸாஹிர் நானா செருப்பைக் கழற்றிய இடம்

இந்தக் கதையை நான் இருபத்தொரு வருடமாகச் சொல்லி வந்தேன். சர்வமதக் குழுக் கூட்டங்களில் சொன்னேன். பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழா ஒன்றில் சொன்னேன். நோன்புப் பெருநாள் வந்தால் முகநூலில் எழுதுவேன். எழுதினால் இருநூறு பேருக்குக் குறையாமல் விருப்பம் போடுவார்கள்.

கதை இதுதான். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம் சனத்தை வடக்கிலிருந்து வெளியேற்றியபோது, தண்ணீரூற்றுப் பக்கம் மஸாஹிர் நானாவின் வளவும் ஆளில்லாமல் போனது. தொண்ணூற்றைந்தில் நாங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து இடம்பெயர்ந்து வந்து, பற்றை மண்டிக் கிடந்த அந்த வளவில் கொட்டில் போட்டு இருந்தோம். சமாதான காலத்தில், 2003இல், ஒருநாள் நானா புத்தளத்தில் இருந்து வந்து இறங்கினார். எழும்பச் சொல்லப் போகிறார் என்று நான் நடுங்கிக்கொண்டு நின்றேன். அவரோ காணியை எங்களுக்கே விற்று, முறையாக உறுதிப் பத்திரமும் முடித்துத் தந்தார். போகும்போது வளவை ஒருதரம் சுற்றிப் பார்க்கலாமா என்று கேட்டார். விளாத்தி மரத்தடியில் எங்கள் வைரவர் இருந்தார். கல்லுக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நானா அங்கே வந்ததும் செருப்பைக் கழற்றினார். கையைக் கட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் அசையாமல் நின்றார். கண் கலங்கியிருந்தது. பிறகு ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

"ஒரு முஸ்லிம் சகோதரன் எங்கட வைரவருக்கு முன்னால செருப்பைக் கழட்டினவர். இதைவிட என்ன சாட்சி வேணும்? எல்லா மதமும் சொல்லுறது ஒண்டுதான்" என்று முடிப்பேன். சனம் கைதட்டும். தேத்தண்ணியும் ரோல்ஸும் வரும்.

மூன்று கிழமையாக நான் அதைச் சொல்வதில்லை. போன மாதக் கூட்டத்திலும் கேட்டார்கள், தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் சொல்லவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அதற்கு முதல் அந்தக் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கும் அருந்ததிக்கும் கலியாணமாகி ஆறு வருடம் பிள்ளை இல்லை. யாழ்ப்பாணத்தில் பார்க்காத டொக்டர் இல்லை, வைக்காத நேர்த்தி இல்லை. இங்கே வந்து பற்றை வெட்டும்போதுதான் மரத்தடியில் அந்தக் கல் தெரிந்தது. முழங்கால் உயரம். கொத்திச் சீராக்கிய கருங்கல், நேராக நட்டபடி நின்றது. எங்கள் பக்கத்தில் மரத்தடியில் ஒரு கல் தனியாக நிமிர்ந்து நின்றால், யார் நட்டது என்று யாரும் கேட்பதில்லை. கற்பூரம் இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். பக்கத்துக் கோயில் பூசாரி கனகலிங்கம் வந்து பார்த்தார்.

"வைரவர்தான். சந்தேகமில்லை. முந்தி ஆரோ வச்சு ஆதரிச்சிருக்கினம்" என்றார். ஒரு சூலத்தையும் கொண்டுவந்து நட்டார்.

அன்று தொடங்கி அருந்ததி ஒவ்வொரு வெள்ளியும் விளக்கு வைத்தாள். தொண்ணூற்றெட்டில் மேனுகா பிறந்தாள். நேர்த்திப்படி நான் கல்லைச் சுற்றிச் சீமெந்தில் ஒரு பீடம் கட்டினேன்.

2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடினோம். முகாமில் இருந்துவிட்டு அடுத்த வருடம் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, கதவு நிலைகூட இல்லை. விளாத்தியில் பாதி இல்லை. கல் மட்டும் வைத்தபடி நின்றது. அருந்ததி வீட்டைப் பார்க்கவே இல்லை. நேரே போய்க் கல்லுக்கு முன்னால் விழுந்து கும்பிட்டு, அந்த மண்ணிலேயே கிடந்து அழுதாள்.

இப்போது மேனுகா கலியாணம் கட்டிக் கிளிநொச்சியில் இருக்கிறாள். எட்டு மாதம். தலைப்பிள்ளை. சுகப்பிரசவம் என்றால் வைரவருக்கு நூற்றெட்டு வடையில் மாலை என்று அருந்ததி நேர்ந்து வைத்திருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். அருந்ததி முழுகி, விளக்கு வைத்துவிட்டு, குசினியில் நின்றாள். படலையடியில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் இறங்கி வந்தார்.

"பரமேஸ்வரன் அங்கிள்ட வீடு இதுதானே? நான் ஸஜாத். மஸாஹிர்ட மகன். புத்தளத்தில இருந்து வாறம். உம்மாவும் வந்திருக்கிறா."

காருக்குள் இருந்து அவருடைய தாய் சபூறா மெதுவாக இறங்கினார். என் வயதுதான் இருக்கும். முகம் ஊதி, கால் வீங்கியிருந்தது. படலையைத் தாண்டியதும் நின்று வளவை ஒரு சுற்றுப் பார்த்தார். விளாத்திப் பக்கம் பார்வை போனதும் சட்டென்று நிலத்தைப் பார்த்தார். அப்போது நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

கதிரை போட்டு இருத்தினேன். "நானா எப்பிடி இருக்கிறார்?" என்று கேட்டேன்.

"வாப்பா மௌத்தாகிட்டார் அங்கிள். அஞ்சு மாசமாகுது" என்றார் ஸஜாத். "உம்மா இத்தா முடிச்ச உடன இஞ்ச வரவேணும் எண்டு ஒற்றைக்காலில நிண்டா."

கணவன் இறந்தால் நாலு மாதமும் பத்து நாளும் பெண் வீட்டோடு இருப்பது அவர்கள் முறை. அது முடிந்ததும் முதற் பயணம் எங்கள் வீட்டுக்கா என்று எனக்கு ஒரு பெருமைகூட வந்தது. கவலையும் உண்மைதான். ஆனால் எனக்குக் கவலையைச் சொல்லத் தெரியாது, கதைதான் சொல்லத் தெரியும். அருந்ததி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தபோது நான் தொடங்கிவிட்டேன்.

"உங்கட வாப்பா எப்பிடிப்பட்ட மனுசன் எண்டு தெரியுமோ தம்பி? அந்தா, அந்த வைரவருக்கு முன்னால வந்து செருப்பைக் கழட்டிப்போட்டு நிண்டவர். கண் கலங்கிப்போச்சு மனுசனுக்கு. எத்தினை கூட்டத்தில நான் இதைச் சொல்லியிருக்கிறன்."

சபூறா கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார்.

"செருப்பைக் கழட்டினவரோ?"

"ஓம் அக்கா."

"கையை ஏந்தினவரோ, கட்டிக்கொண்டு நிண்டவரோ?"

"கட்டிக்கொண்டு. மரியாதையா."

"ஏந்தியிருக்க மாட்டார். விளக்கு எரிஞ்சிருக்கும்." கோப்பையைக் காலடியில் வைத்தார். "அண்ணன், அது எங்கட பிள்ளைட கபுறு."

எனக்கு விளங்கவில்லை. கபுறு என்றால் புதைகுழி என்று தெரியும். சொல் தெரிந்தது, விஷயம் ஏறவில்லை. அருந்ததிக்கு உடனே விளங்கிவிட்டது. கையில் பிடித்திருந்த தட்டம் சரிந்து சீனிப் போத்தல் விழுந்து உருண்டது. ஒருவரும் அதை எடுக்கவில்லை.

"ஸுல்பா எண்டு பேர் வச்சம்" என்றார் சபூறா. "பிறந்து முப்பத்தொரு நாள். காய்ச்சல். அந்தக் கிழமை முழுக்க ஷெல். ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோக ஏலேல்லை, பிறகு மையவாடிக்கும் கொண்டுபோக ஏலேல்லை. நான்தான் குளிப்பாட்டினன். அவர் மரத்தடியில அடக்கினவர். மீஸான் கல்லும் அவர்தான் நட்டவர்."

"கபுறுக்கு அடையாளத்துக்கு நடுற கல்லு அங்கிள்" என்றார் ஸஜாத்.

"ஒரு மாசத்தில எங்களையும் வெளிக்கிடச் சொல்லிட்டினம். பிறகு சமாதானத்துக்க இவர் வந்து போனவர்தானே. கபுறு இருந்த இடமே தெரியேல்லை, ஷெல் விழுந்து கிடங்காக் கிடக்கு எண்டு சொன்னவர். நான் நம்பினன். மௌத்துக்கு ரெண்டு கிழமைக்கு முதல்தான் வாயைத் திறந்தவர். கபுறு இருக்கு சபூறா, அதைக் கும்பிடுகினம், நான் பாத்துக்கொண்டு வாயை மூடிட்டு வந்தனான் எண்டார்."

"எங்களிட்ட ஏன் ஒரு சொல்லுச் சொல்லேல்லை?" என்றேன்.

"நானும் அதைத்தான் கேட்டனான். கூட்டி, தண்ணி தெளிச்சு, பூ வச்சிருந்தினமாம். சொன்னா இடிச்சுப்போடுவினமோ எண்டு பயம். சொல்லாட்டி அல்லாவுக்கு என்ன பதில் சொல்லுறது எண்டு பயம். இருபது வருசம் இந்த ரெண்டு பயத்தோடயும் பக்கத்தில படுத்திருக்கிறார். எனக்குத் தெரியாமப் போச்சு."

நான் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தகப்பன் தன் பிள்ளையின் தலைமாட்டில் வாய் திறக்க முடியாமல் நின்ற ஐந்து நிமிடத்துக்கு நான் இருபத்தொரு வருடம் கைதட்டு வாங்கியிருக்கிறேன். வேட்டி கட்டி, மைக்கைப் பிடித்துக்கொண்டு வாங்கியிருக்கிறேன்.

அருந்ததி விடவில்லை.

"பிழையா இருக்கும் அக்கா. இஞ்ச எத்தினையோ மரம், எத்தினையோ கல்லு. இது வைரவர். அறிஞ்ச ஆள் பாத்துச் சொன்னவர்."

"ரெண்டு கல்லு நட்டவர் தங்கச்சி. தலைமாட்டில ஒண்டு, கால்மாட்டில ஒண்டு. தெக்குப் பக்கமா ரெண்டரை அடியில மற்றது. உயரம் குறைவு, தட்டைக் கல்லு. ஒரு மூலை உடைஞ்சிருக்கும்."

பீடம் கட்டும்போது அந்தத் தட்டைக் கல் சீமெந்து வார்க்கப் பலகை அடிக்க இடைஞ்சலாக இருந்தது. அலவாங்கால் கிண்டி எடுத்தவன் நான்தான். மூலை உடைந்திருந்தது. நல்ல கல்லை ஏன் எறிவான் என்று கிணற்றடிக்கு உருட்டிக்கொண்டு போனேன்.

ஒரு கல்தான் இருந்தது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அருந்ததி என் முகத்தைப் பார்த்துவிட்டாள். முப்பத்து மூன்று வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு அது போதும்.

"எங்க அது?" என்று கேட்டாள்.

"கிணத்தடியில."

"நான் உடுப்புத் தோய்க்கிற கல்லோ?"

தலையை ஆட்டினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சபூறாதான் பேசினார். "எனக்குக் காணி வேண்டாம். அது வித்தது வித்ததுதான். கல்லைக் கிளப்பவும் வேண்டாம், அது நிக்கவேண்டிய இடத்திலதான் நிக்குது. அந்தச் சூலத்தையும் விளக்கையும் மட்டும் எடுத்துவிடுங்கோ. நான் என்ர பிள்ளைக்கு ஒரு ஸலாம் சொல்லி, துஆ கேட்டுட்டுப் போறன். அது ரெண்டும் இருக்கேக்க எனக்குக் கேக்க ஏலாது."

"உம்மா, பொம்பிளையள் கபுறடிக்குப் போறதே சரியில்லை எண்டு மௌலவி சொன்னவரெல்லோ" என்றார் ஸஜாத் மெதுவாக. "ஜும்ஆத் தொழுகைக்கும் நேரமாகுது."

"இது மையவாடி இல்லை. நான் சமைச்ச குசினி இருந்த வளவு. மௌலவி வேணுமெண்டா வந்து என்னோட கதைக்கட்டும். நீ சும்மா இரு."

அருந்ததி நிலத்தில் சுவரோடு சாய்ந்து இருந்தாள். "என்னால ஏலாது அக்கா" என்றாள். "என்ர மகள் எட்டு மாசம். ஆறு வருசம் இல்லாத பிள்ளை எனக்கு இதிலதான் கிடைச்சது. இந்த நேரத்தில வைரவரை எழுப்பிப்போட்டு அவளுக்கு ஒண்டு எண்டா நான் என்ன செய்யிறது? பிள்ளை பிறந்து துடக்குக் கழியட்டும். பிறகு வாங்கோ. நான் நில்லுங்கோ எண்டு சொல்ல மாட்டன்."

"முப்பத்துநாலு வருசம் பொறுத்தனான், ரெண்டு மாசம் பெரிசில்லை. எனக்குக் கிழமைக்கு ரெண்டுதரம் இரத்தம் சுத்திகரிக்கிறாங்கள் தங்கச்சி. ரெண்டு கிட்னியும் இல்லை. இந்தப் பயணத்துக்கே டொக்டர் விடேல்லை, இவன் களவாக் கூட்டிக்கொண்டு வந்தவன். ரெண்டு மாசத்தில நான் வருவனோ, என்ர மையம் வருமோ தெரியாது."

இந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்தேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"ஏன் இப்பிடிக் கஷ்டப்படுவான்? ரெண்டும் ஒண்டுதானே. நீங்கள் அல்லா எண்டுறியள், நாங்கள் வைரவர் எண்டுறம். அவர் உங்கட பிள்ளைக்கு இவ்வளவு காலமும் காவலா நிண்டிருக்கிறார் எண்டு எடுத்தா என்ன? ரெண்டும் இருந்திட்டுப் போகட்டும்."

"ஒண்டில்லை அண்ணன்" என்றார் சபூறா. கோபமே இல்லை குரலில். "ஒண்டெண்டா அந்த மனுசன் இருபது வருசம் நித்திரையில்லாமக் கிடந்திருக்க மாட்டார். அது ஒரு மாசப் பிள்ளை. அதிட்ட ஒருத்தரும் ஒண்டும் கேக்க ஏலாது. அதுக்கு ஒருத்தரும் காவல் நிக்கவும் தேவையில்லை. அது படைச்சவனிட்டப் போய்ச் சேந்திட்டுது. அதிட தலைமாட்டில வேற ஒண்டைக் கும்பிடுறது எங்களுக்குப் பெரிய பாவம். நீங்க தெரியாமச் செய்தனீங்கள். நான் தெரிஞ்சுகொண்டு எப்பிடி விடுறது?"

நான் உதவிக்கு அருந்ததியைப் பார்த்தேன்.

"அவா சொல்லுறது சரி, ஒண்டில்லை" என்றாள் அருந்ததி. "வைரவர் அதில நிக்கிறார், இல்லாட்டி நிக்கேல்லை. நிண்டா நான் எழுப்பக் கூடாது. நிக்கேல்லை எண்டா இருபத்தெட்டு வருசமா நான் ஆரோட கதைச்சனான்? இவருக்கு எல்லாம் ஒண்டுதான் அக்கா. சீனி போட்டாலும் போடாட்டிலும் இவருக்குத் தேத்தண்ணி ஒண்டுதான்."

சபூறாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்கட ஆளுக்கு உப்பு" என்றார்.

ஒரு விஷயத்திலும் ஒத்துப்போகாத இரண்டு பெண்கள் நான் பிழை என்பதில் ஒத்துப்போய்விட்டார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, அவர்கள் சொல்வது சரி என்று தெரிந்ததுதான் பயமாக இருந்தது. சபூறா சொல்வது சரி என்றால் என் மனைவி இருபத்தெட்டு வருடமாக ஒரு பச்சைப் பிள்ளையின் புதைகுழியில் தலை வைத்து அழுதிருக்கிறாள். அருந்ததி சொல்வது சரி என்றால் இந்த மனுசி கடைசிப் பயணம் வந்து கேட்பதே தெய்வக் குற்றம். இரண்டும் சரி என்று மேடையில் சொல்லலாம். அந்த மரத்தடியில் சொல்ல முடியாது. அங்கே விளக்கு ஒன்றில் எரிய வேண்டும், இல்லாவிட்டால் எரியக் கூடாது.

"கனகலிங்கம் அண்ணைக்கு எடுங்கோ" என்றாள் அருந்ததி. "எல்லாருக்கும் கேக்கக்கூடிய மாதிரிப் போடுங்கோ."

எடுத்தேன். விஷயத்தைச் சொன்னேன். மறுபக்கத்தில் கோயிலில் யாரோ தேங்காய் உடைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"தம்பி, அது நான் அண்டைக்கு ஒரு ஊகத்தில சொன்னது" என்றார் கனகலிங்கம். "கல்லு நிண்ட நிலை அப்பிடி. அருந்ததிப் பிள்ளையும் அழுதுகொண்டு நிண்டுது, என்னத்தைச் சொல்லுறது. எண்டாலும் பரவாயில்லை. வைரவர் சுடலையில நிக்கிறவர்தானே, அவருக்குப் பிரேதம் ஒரு துடக்கோ? அப்பிடியே விடுங்கோ. பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில கிண்டிக் கிளறுறது கூடாது. பிறகு ஒண்டு நடந்தா என்னைக் கேக்கக் கூடாது."

அருந்ததி எட்டி என் கையிலிருந்த போனை நிறுத்தினாள்.

"ஊகமாம்" என்றாள்.

அதை அவள் சொன்ன விதம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. வைரவர் வழக்கமாக இருந்த இடத்தில் கல் மட்டும் இருப்பதைக் கண்டவள் போலச் சொன்னாள். எழும்பி, குசினிக்குள் போகாமல், வீட்டைச் சுற்றிக்கொண்டு கிணற்றடிப் பக்கம் போனாள்.

ஸஜாத் ஒருமுறை மணிக்கூட்டைப் பார்த்தார், தாய் அவரைப் பார்த்ததும் கையை மடியில் வைத்துக்கொண்டார். வாளி விழும் சத்தம், தண்ணீர் ஊற்றும் சத்தம், பிறகு தேய்க்கும் சத்தம். அது நிற்கவில்லை. நான் போய்ப் பார்த்தேன்.

அருந்ததி குந்தியிருந்து தும்பால் அந்தத் தட்டைக் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சவர்க்காரக் கறை வெள்ளையாக ஊறிப்போயிருந்தது. இடுக்கில் நகத்தால் சுரண்டினாள்.

"மேனுகாட பிஞ்சுத் துணியெல்லாம் இதில தோய்ச்சனான்" என்றாள் என்னைப் பார்க்காமல். "பீத்துணி, மூத்திரத்துணி எல்லாம். அவளை இதில இருத்தித்தான் குளிக்க வாத்தனான். அந்தப் பிள்ளை அதில படுத்திருக்க, அதிட கல்லில என்ர பிள்ளையை இருத்தி."

"எங்களுக்குத் தெரியாதுதானே."

"இப்பத் தெரியும். தூக்குங்கோ."

"அருந்ததி, மேனுகா..."

"தூக்குங்கோ எண்டுறன்."

நான் ஒரு பக்கம் பிடித்தேன். ஸஜாத் ஓடி வந்து மற்றப் பக்கம் பிடித்தார். அருந்ததி முன்னால் நடந்தாள். மரத்தடிக்கு வந்ததும் செவ்வரத்தம் பூ ஒன்றைப் பிடுங்கி, அதன் இதழால் விளக்கின் திரியை அமர்த்தினாள். விளக்கை ஊதி அணைப்பது எங்கள் வழக்கத்தில் இல்லை. கடைசி நேரத்திலும் அவள் ஊதவில்லை. பிறகு சூலத்தைப் பிடித்தாள். அது சீமெந்தில் இறுகி இருந்தது. நான் அலவாங்கை எடுத்து வந்தேன். குத்தும் முன் கையைக் காட்டி என்னை நிற்பாட்டினாள்.

"கோவியாதை" என்றாள் கல்லைப் பார்த்து. ஒரு வீட்டு ஆளோடு கதைப்பதுபோல. "நீ நிண்டாலும் நிக்காட்டிலும் சொல்லிப்போட்டுத்தான் செய்யிறன். நிண்டா என்னோட வா. பிள்ளையில கோவத்தைக் காட்டாதை, என்னில காட்டு."

சபூறா பத்தடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தைத் திருப்பவில்லை.

இதை எழுதும் நேரம் வரைக்கும் மேனுகாவுக்கு நாள் வரவில்லை. ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும் அருந்ததி நெஞ்சில் கை வைக்கிறாள். அன்று அவள் எந்த ஆபத்தை ஏற்கிறாள் என்று தெரிந்துகொண்டுதான் சூலத்தில் கை வைத்தாள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பீடத்தை உடைத்தோம். சூலத்தை வெள்ளைத் துணியில் சுற்றிச் சாமியறைக்குக் கொண்டுபோனாள். திரும்பி வந்து, ஐந்து வாளி தண்ணீரில் கல்லைக் கழுவினாள். சந்தனமும் எண்ணெயும் தோலாகப் படிந்திருந்தன. உரித்துக்கொண்டு போகப் போக, உள்ளே கல் கொத்திய தடம் தெரிந்தது. மஸாஹிர் நானாவின் கைத்தடம். தட்டைக் கல்லைத் தெற்குப் பக்கம் எங்கே வைப்பது என்று ஸஜாத் கேட்டபோது சபூறா வந்து, தன் முழங்கையால் அளந்து இடம் காட்டினார். அளந்த நீளத்தைப் பார்த்து அருந்ததி வாயைப் பொத்தினாள். அவ்வளவு சின்ன நீளம்.

கல் நட்டு முடிந்தது. சபூறா கையை ஏந்தப் போனார். பிறகு இறக்கினார்.

"தங்கச்சி, இதில என்னென்ன வச்சனீங்கள்? ஒளிக்காமச் சொல்லுங்கோ. தெரிஞ்சாத்தான் நான் படைச்சவனிட்டச் சொல்லி மன்னிப்புக் கேக்கலாம்."

"பொங்கல். வடை. பழம்." அருந்ததி என்னைப் பார்த்தாள். நான் சொல்வேன் என்று பார்த்தாள். நான் அலவாங்கில் ஒட்டிய மண்ணைத் தட்டினேன். "வருசத்துக்கு ஒருக்கா இவர் சாராயம் தெளிச்சவர்" என்றாள்.

சபூறா கண்ணை மூடினார். ஸஜாத் அந்தப் பக்கம் திரும்பினார். என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வேற?"

"வேற இல்லை."

"இதில நிண்டு என்ன கேட்டனீங்கள்?"

அருந்ததி ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். துடைத்த கையைத் திரும்பவும் துடைத்தாள்.

"பொம்பிளைப் பிள்ளை ஒண்டு தா எண்டு கேட்டனான் அக்கா. ஆம்பிளைப் பிள்ளை வேண்டாம், இந்த வளவில ஒரு பொம்பிளைப் பிள்ளை அழுகிற சத்தம் எனக்குக் கேக்கவேணும் எண்டு."

ஸஜாத் தோளைப் பிடிப்பதற்குள் சபூறா மண்ணில் இருந்துவிட்டார். இரண்டு கல்லுக்கும் நடுவில் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. பள்ளிவாசலில் பாங்கு சொல்லத் தொடங்கியது. ஸஜாத் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை.

"இதில கேட்டிருக்கக் கூடாது" என்றார் கடைசியில்.

"ஓம்."

"கபுறில இருந்து ஒண்டும் வராது."

"ஆனா வந்தது அக்கா."

"தந்தது அவன்."

"எனக்குத் தெரியாது" என்றாள் அருந்ததி. "நான் பொய் சொல்ல மாட்டன். எனக்குத் தெரியாது."

சபூறா அவளை நிமிர்ந்து பார்த்தார். முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு, இருந்த இடத்திலிருந்தே கையை ஏந்தினார். ஸஜாத் பின்னால் நின்று தானும் ஏந்தினார். எனக்கு அந்த அரபுச் சொற்கள் விளங்காது. நடுவில் ஸுல்பா என்ற பெயர் மட்டும் விளங்கியது.

அருந்ததி எனக்குப் பக்கத்தில் நின்றாள். அந்தக் கல்லுக்கு முன்னால் வந்தால் அவளுடைய கை தானாக நெஞ்சுக்கு ஏறும். அன்றும் ஏறத்தான் பார்த்தது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றை மற்றதால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சபூறா துஆவை முடித்து முகத்தைத் தடவும் வரைக்கும் அவள் பிடியை விடவில்லை.